உள்பக்கமாகக் குத்திய ஐந்நூறு ரூபாய்

என் தொழில்முறைச் சண்டை வாழ்க்கை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆரம்பித்து ஏழேகாலுக்கு முடிந்தது. அதிலும் பெரும்பகுதி பொன்னாடை போர்த்துவதில் போய்விட்டது. இப்போது நான் காப்பீட்டு முகவர். வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து விபத்துக் காப்பீட்டைப் பற்றி விளக்கும்போது பழைய கதையை நானாக எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் வருவதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆரம்பம் 2004. அண்ணாமலை நகரில் படிக்கப் போனேன். விடுதியில் இடம் கிடைக்காமல் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். பக்கத்து அறையில் பாபு. சிதம்பரத்துப் பையன்தான், வீடு கீழவீதிக்குப் பின்னால் நடக்கிற தூரம். ஆனால் வீட்டில் இருந்தால் படிப்பு வராது என்று அப்பாவிடம் சொல்லி லாட்ஜுக்கு வந்திருந்தான். (லாட்ஜிலும் வரவில்லை, அது வேறு விஷயம்.) அவனிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ கொடுத்த சிடிக்களில் வெளிநாட்டுச் சண்டைகள் இருந்தன. எம்.எம்.ஏ. என்று பெயர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம், தள்ளிய பிறகு கையை முறுக்கலாம், கழுத்தை இறுக்கலாம். வலி தாங்காவிட்டால் தரையை உள்ளங்கையால் பட்பட்டென்று தட்ட வேண்டும். தட்டினால் தோற்றதை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் உடனே சண்டையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு யார் என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிடிக்களில் ஜெயித்தவன் மேடையில் நின்று வாங்கும் காசோலையின் தொகையைப் பாபு ரூபாயாக மாற்றிச் சொன்னான். பிறகு அவன், "மச்சான், ஒனக்கு ஒடம்பு இருக்குது. எனக்கு மூள இருக்குது. நான் மேனேஜர்" என்றான். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு கிலோ. அவனுக்கு எட்டு அரியர். இந்த மூலதனத்தோடு தொழில் தொடங்கினோம்.

அடுத்த சில வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாட்ஜுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். பாபு சிடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பான். நான் செய்து பார்ப்பேன். சில பிடிகளில் படம் உறைந்து நின்றுவிடும், மீதியை நாங்களே கற்பனை செய்துகொள்வோம். படிப்பு ஒரு வழியாக முடிந்தபின் சிதம்பரத்தில் ஒரு ஜிம்மில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. காலையில் பேராசிரியர்களை டிரெட்மில்லில் நடக்க வைப்பது, மாலையில் கொட்டகை. உள்ளூர் கிக்பாக்சிங் போட்டி ஒன்றில் வெள்ளிப் பதக்கம்கூட வாங்கினேன். என் எடைப்பிரிவில் மொத்தம் இரண்டு பேர்தான் என்பதை வீட்டில் சொல்லவில்லை. 2011 கடைசியில் வந்த 'தானே' புயலில் கொட்டகையின் கூரை முழுசாகப் போனது. அதன் பிறகு வெட்டவெளியில் பயிற்சி செய்தோம். "ஒலகத் தரம்" என்றான் பாபு, வானத்தைப் பார்த்து.

2012-இல் சென்னையிலிருந்து ஒரு போட்டி அமைப்பாளர் வந்தார். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொழில்முறைப் போட்டி நடத்தப் போகிறாராம். சண்டைக்கு வந்தாலே ஐயாயிரம், ஜெயித்தால் பத்தாயிரம். என் கண்ணில் பட்டது அந்தப் பத்தாயிரம் அல்ல. ஜெயிக்கிறவனைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஒரு வருடம் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, உண்மையான பயிற்சியாளரிடம் பயிற்சி கொடுத்து, மூன்று சண்டைக்கு ஒப்பந்தம் போடுவார்கள். எட்டு வருடமாக ஒரு கம்ப்யூட்டர் திரையிடம் கற்றவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்காக நான் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தேன், கையில் ஒன்றும் இல்லாததால்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. எந்த விஷயத்தையும் கோப்பாகப் பார்க்கிறவர். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல மாசம் எவ்ளோ வரும்?"

"மாசக் கணக்கு இல்லப்பா. சண்டைக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க."

"வருஷத்துக்கு எத்தினி சண்ட?"

"மூணு. நல்லா போச்சின்னா நாலு."

"மீதி நாள்ல?"

"ரெடி ஆவணும்."

"அடிபட்டா?"

"ரெஸ்ட் எடுக்கணும்பா."

"சம்பளத்தோடயா?"

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடி வாங்குறதே வேலைங்கற. அதுல மெடிக்கல் லீவு கெடையாதுங்கற. இத எவன்டா கண்டுபுடிச்சான்?"

அம்மாவின் கவலை வேறு. "பல்லுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? பொண்ணு வூட்டுக்காரங்க வந்தா மொதல்ல சிரிக்கச் சொல்லித்தான் பாப்பாங்க."

கடைசியில் அப்பா ஒரு உத்தரவு போட்டார். ஜெயித்தால் சென்னைக்குப் போகலாம், அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தோற்றால் திங்கட்கிழமை அவருடைய நண்பரிடம் காப்பீட்டு முகவர் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் சரி என்றேன். அப்போது காப்பீடு என்றால் என் மனதில் டை கட்டிக்கொண்டு வெயிலில் அலையும் ஒருவர் வருவார். சாவதற்குச் சமம் என்று நினைத்தேன். (சமம் இல்லை. டை கட்டாயமில்லை.)

குடும்பத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் செல்வராஜ் மாமா. அம்மாவின் தம்பி, குறிஞ்சிப்பாடியில் கைலிக் கடை வைத்திருந்தார். கடையில் விலைச்சீட்டு குத்துவதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு இருக்கும். அந்த ஊக்குகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கம் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், கல்யாண மாப்பிள்ளைக்கு, தெருக்கூத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு. மாமா இதில் கொஞ்சம் தாராளம். எனக்குக் காது குத்தியபோது குத்தினார், பிளஸ் டூ தேறியபோது குத்தினார், கடைசி அரியர் முடிந்த அன்று பஸ் ஸ்டாண்டிலேயே வைத்துக் குத்தினார். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குத்தியதில், அவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகும்போது அம்மா என் கால்சட்டை இடுப்புப் பட்டையின் உள்பக்கம் பத்து ரூபாயைச் சின்னதாக மடித்து ஊக்கால் குத்தி அனுப்புவார். தொலையாது, பறிபோகாது, வெளியே தெரியாது. இது அவர்கள் வீட்டுப் பழக்கம், அக்கா தம்பி இருவருக்குமே கைவந்த கலை.

மாமா என் ஸ்பான்சர் ஆனார். ஸ்பான்சர் என்றால் இரண்டாயிரம் ரூபாயும் ஒரு டஜன் துண்டும். பதிலுக்குப் பாபு அவருக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்துக் கொடுத்தான். அதில் மாமா ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார், பக்கத்தில் சிறப்பு விருந்தினர் செல்போனில் பேசினார். சண்டை போடப் போகிற நான் கீழே ஒரு வட்டத்துக்குள் இருந்தேன். "எடம் பத்தல மச்சான்" என்றான் பாபு.

சண்டை நாள் வந்தது. மைதானத்தின் ஒரு மூலையில் பந்தல்காரர் பலகை அடித்து, மேலே கபடி விரிப்பு போட்டு, நான்கு கம்பம் நட்டு, கயிறு கட்டியிருந்தார். அவர் கல்யாண மேடை போடுகிறவர். கை சும்மா இருக்காமல் நான்கு கம்பத்துக்கும் ரோஸ் நிறத் துணி சுற்றி, உச்சியில் பிளாஸ்டிக் பூங்கொத்து வைத்துவிட்டார். வழக்கம்போல மின்வெட்டு. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் அறிவிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொருட்காட்சி நடந்தது. அங்கே டெல்லி அப்பளம் பொரிக்கிற வாசனை மேடை வரைக்கும் வந்தது. எடை குறைக்க இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்த எனக்கு எதிராளியைவிட அந்த வாசனைதான் பெரிய சோதனையாக இருந்தது.

எதிராளி பிரான்சிஸ், புதுச்சேரிக்காரன், பகலில் எலக்ட்ரீஷியன். அவனுக்கும் இதுதான் முதல் தொழில்முறைச் சண்டை. மேடைக்குப் பின்னால் அவனை முறைத்துப் பார்க்க வேண்டும், அது எதிராளியின் மனதைக் குலைக்கும் என்று பாபு சொல்லியிருந்தான். முறைத்தேன். அவன் அருகில் வந்து, "அண்ணா, இங்க பாத்ரூம் எங்கண்ணா?" என்றான். வழி சொன்னேன். முறைப்பு அத்தோடு போயிற்று.

குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து முதல் இரண்டு வரிசையைப் பிடித்துவிட்டார். அம்மா வரவில்லை, சாமி அறையில் உட்கார்ந்துவிட்டாராம். அப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல், பந்தல் காலோரம், ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நடுவர் என் கையுறை, நகம், கால்சட்டை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அந்த நிமிடத்தில் என் உடம்பில் இரும்பு எதுவும் இல்லை. இதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். முதல் சுற்றில் நான் செய்ததைப் பாபு இன்றைக்கும் 'தற்காப்பு' என்றுதான் குறிப்பிடுகிறான். சிடியில் எதிராளிகள் திருப்பி அடிப்பதைக் கேமரா எப்போதும் அடிக்கிற பக்கத்திலிருந்து காட்டியிருந்தது. வாங்குகிற பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்குப் புதிது. பிரான்சிஸ் என்னை மேடை முழுக்க நடக்க வைத்தான். நான் பேராசிரியர்களை நினைத்துக்கொண்டேன். சுற்று முடிந்து என் மூலைக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். இடைவேளை ஒரு நிமிடம்தான். அதற்குள் மூச்சு திரும்பினால் போதும் என்றிருந்தது.

அப்போது சிறப்பு விருந்தினர் வந்தார். மனைப்பிரிவு போட்டு விற்கிறவர், இரண்டு மணி நேரம் தாமதம். அறிவிப்பாளரின் குரல் உடனே மாறியது.

"நமது அழைப்பை ஏற்று, பல்வேறு பணிகளுக்கு இடையே வருகை தந்திருக்கும் அண்ணன் அவர்களை வருக வருக என வரவேற்று, வீரர்களை அண்ணன் அவர்கள் கௌரவிப்பார்கள் என்பதால், சண்டையைச் சற்று நேரம் நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நடுவர் வெளியூர்க்காரர், ஜூடோ ஆசிரியர். "சார், ஒரு நிமிஷம்தான் சார் பிரேக்" என்று சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் அதோடு அடங்கிவிட்டார். எனக்கும் பிரான்சிஸுக்கும் வியர்வை உடம்பின் மேல் ஆளுக்கொன்று போர்த்தினார்கள். ஜரிகை தோலோடு ஒட்டிக்கொண்டது. வாயில் பல் கவசத்தோடும் தோளில் பொன்னாடையோடும் நாங்கள் இருவரும் சிறப்பு விருந்தினருக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பாபுவும் எப்படியோ போட்டோவுக்குள் வந்துவிட்டான். பிறகு விருந்தினர் பேசினார். இளைஞர்கள் வன்முறையைத் தவிர்க்க வேண்டும் என்றார்.

வரிசையாக ஆட்கள் மேடையேற, அந்த வரிசையில் செல்வராஜ் மாமாவும் ஏறினார். ஸ்பான்சர் என்ற முறையில் அவருக்கு உரிமை இருந்தது. அறிவிப்பாளர், "குறிஞ்சிப்பாடி செல்வராஜ் அவர்கள் தன் அக்கா மகனுக்கு ரூபாய் ஐந்நூறு அன்பளிப்பு" என்றதும் வேன் கூட்டம் விசில் அடித்தது. மாமா பையிலிருந்து நோட்டையும் ஊக்கையும் எடுத்தார். என் பொன்னாடையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"சட்ட எங்கடா மாப்ள?"

"இதுல சட்ட போடக்கூடாது மாமா."

"பின்ன எதுல குத்துறது?"

ஒரு நொடி யோசித்தார். முகம் மலர்ந்தது. என்னைத் திருப்பி நிறுத்தி, நோட்டை எட்டாக மடித்து, கால்சட்டையின் பின்பக்கம், இடுப்புப் பட்டைக்கு உள்ளே வைத்துக் குத்தினார். அவர் அக்கா எனக்குச் சுற்றுலாவுக்குக் குத்தி அனுப்பிய அதே இடம், அதே மடிப்பு. "உள்ளாற குத்தியிருக்கேன். பறக்காது, வுழாது. நீ தகிரியமா போ" என்றார். பிறகு பிரான்சிஸைப் பார்த்து, வந்த இடத்தில் அவனை மட்டும் விடக்கூடாது என்று அவன் கையில் நூறு ரூபாய் வைத்தார். அவன் கையுறையோடு அதை வாங்கி வைக்க இடமில்லாமல் தன் மூலையில் நின்ற அண்ணனிடம் கொடுத்தான். அவன் வீட்டில் நல்ல வளர்ப்பு.

எடுத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு கையிலும் கையுறை, ஊக்கைத் திறக்க முடியாது. பாபு விருந்தினரிடம் விசிட்டிங் கார்டு வாங்கிக்கொண்டிருந்தான். நடுவர் மூன்றாவது பொன்னாடைக்குள் இருந்தார். ஆனால் உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. முதல் சுற்றில் ஊரே பார்க்க அடிவாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஜெயித்தவனுக்குச் செய்கிற மரியாதையை ஒரு மனிதர் வந்து எனக்குச் செய்துவிட்டுப் போகிறார். அந்தச் சந்தோஷத்தில் ஊக்கைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இரண்டாவது சுற்று தொடங்கியது. இவ்வளவு நேரம் நின்றதில் பிரான்சிஸின் உடம்பு ஆறிப்போயிருந்தது. எனக்கோ அந்த ஓய்வு பெரிய வரம். அவன் விட்ட உதையைப் பிடித்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, சிடியில் இருந்தபடியே ஒன்று நடந்தது. அவன் கீழே, நான் மேலே. குறிஞ்சிப்பாடி எழுந்து நின்றது. "வுடாத மாப்ள! வுடாத!" என்று மாமாவின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டது. நான் ஒரு கணம் பந்தல் காலோரம் பார்த்தேன். அப்பா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து முன்னால் வைத்திருந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சென்னை எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பார்வையில் என் எடை கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். பிரான்சிஸ் இடுப்பைத் தூக்கி என்னைப் புரட்டினான். நான் மல்லாந்து விழுந்தேன். அதுகூடப் பெரிய ஆபத்து இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், எனக்குத் தெரிந்த நிலைதான். அவன் தன் முழு எடையையும் என் மேல் போட்டான். ஊக்கு திறந்தது.

வாழ்க்கையில் அப்படி ஒரு வலியை நான் குத்திலும் உதையிலும் பார்க்கவில்லை. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்கு ஏறிவிட்டது. "அம்மா!" என்று அலறினேன். அலறும்போது மனிதனுடைய கை சும்மா இருப்பதில்லை. என் வலது கை தரையைப் பட்பட்டென்று அறைந்தது.

நடுவர் பாய்ந்து வந்து பிரான்சிஸைத் தூக்கி எடுத்தார். மணி அடித்தது. பிரான்சிஸ் என்னையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்து, "சார், நான் இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கவே இல்லயே சார்" என்றான். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார்.

மேடைக்குப் பின்னால் பாபு என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கால்சட்டையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான். "மச்சான், ஒன் முதுவுல காசு மொளச்சிருக்குது" என்றான். ஊக்கைப் பிடுங்கினான். நோட்டின் ஓரத்தில் ரத்தம். அப்பா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. ஊக்கையும் நோட்டையும் கையில் வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை நான் அவருடைய நண்பரிடம் போய்ச் சேர வேண்டியவன். ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது. நடைமுறையில் பிழை என்றால் அப்பாவால் தாங்க முடியாது.

"இது செல்லாது. அப்பீல் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு நேராக அமைப்பாளரிடம் போனார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அமைப்பாளர் பொறுமையாகக் கேட்டார். "சார், அந்த ஊக்கு யாரு குத்துனது? எதிராளியா?"

"இல்ல. என் மச்சான்."

"அப்ப உங்க பக்கத்து ஆளு. சண்டையில இடுப்புல இரும்பு வெச்சிக்கிட்டு வந்தா அது வீரரோட தப்பு சார். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, தோல்விங்கறத அடிச்சிட்டுத் தகுதிநீக்கம்னு போட்டுடுவேன். போடட்டுமா?"

அப்பா யோசித்தார். "தோத்தா எவ்ளோ?"

"அஞ்சாயிரம்."

"தகுதிநீக்கம்னா?"

"அதுக்குக் காசு கெடையாது சார்."

"அப்ப அவன் தோத்ததாவே இருக்கட்டும்" என்றார் அப்பா. என் தொழிலைப் பற்றி அவர் எடுத்த முதலும் கடைசியுமான நிர்வாக முடிவு அது, இன்றுவரை அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நடக்கும்போது தணிந்த குரலில், "செல்வராஜிகிட்ட சொல்லாத. தாங்க மாட்டான்" என்றார். அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டெட்டனஸ் ஊசி போட வைத்தார். ஊசி போட்ட நர்ஸ் காயத்தைப் பார்த்து எப்படி ஆனது என்று கேட்டார். சண்டையில் என்றேன். எதனால் குத்தினார்கள் என்றார். ஊக்கு என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

மாமாவிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பாபு ஏறியது மாமா வந்த வேனில்தான். குறிஞ்சிப்பாடி போவதற்குள் வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வழியில் மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த ஊக்கு மொத்தத்தையும் எடுத்து ரோட்டோர வாய்க்காலில் போட்டாராம். பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா போன் செய்தால் கடையில் கூட்டம் ஜாஸ்தி என்று வைத்துவிடுவார். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். சென்னைக்குப் பிரான்சிஸ் போனான். இரண்டு சண்டைக்குப் பிறகு அவனும் ஊருக்குத் திரும்பி வயரிங் வேலைக்கே போய்விட்டதாகக் கேள்வி.

அந்தச் சண்டைக்கு வீடியோ உண்டு. கல்யாண வீடியோ எடுக்கிறவரை வைத்திருந்தார்கள். அவர் தன் தொழில் தெரிந்தவர், யார் முக்கியமோ அவரை விட்டுக் கேமராவை எடுக்கமாட்டார். முதல் சுற்று கொஞ்சம் வருகிறது. அதன் பிறகு பொன்னாடை, முழுசாக, ரோஜா இதழ் கொட்டுகிற கிராஃபிக்ஸோடு. அதன் பிறகு சிறப்பு விருந்தினர் டீ குடிக்கிறார். டீ முடிந்து கேமரா திரும்பும்போது நான் மேடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருக்கிறேன். நான் மேலே இருந்ததும் பிரான்சிஸ் கீழே இருந்ததும் எங்கேயும் பதிவாகவில்லை. இருந்தாலும் சண்டையைக் கண்ணால் பார்த்த குறிஞ்சிப்பாடிக் கூட்டம் எனக்குச் சாட்சியாக இருந்தது. ஊக்கு மட்டும் இல்லாவிட்டால் பையன் ஜெயித்திருப்பான் என்றுதான் ஊரில் பேச்சு. காப்பீடு விற்கப் போகிற இடத்தில்கூட அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த ஐந்நூறு ரூபாயை நான் செலவு செய்யவில்லை. ஐயாயிரத்தில் கொட்டகை வாடகை பாக்கி, ஊசி, வேன் டீசல் எல்லாம் போய் மிஞ்சியது அதுதான், அதனால் பர்ஸுக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் ராத்திரி எட்டு மணிச் செய்தியில் பழைய ஐந்நூறு செல்லாது என்றார்கள். ரத்தக்கறை படிந்த நோட்டை எடுத்துக்கொண்டு வங்கி வரிசையில் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் தொழில்முறை வருமானம் அத்தோடு சுத்தமாக முடிந்தது.

அதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சிதம்பரத்தில் மண்டபம். (பல்லெல்லாம் முழுசாக இருந்தது.) வரவேற்பில் எல்லோரும் வரிசையாக வந்து அன்பளிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் மாமா மேடையேறியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வாடகைக் கோட்டுக்குள் என் இடுப்பு தானாக ஒரு அங்குலம் முன்னால் போனது. மாமா பையில் கையை விட்டார். ஒரு ஆயிரம் ரூபாய் நோட்டும், ஒரு செல்லோ டேப்பும் எடுத்தார். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து நோட்டை என் நெஞ்சில் ஒட்டினார், நான்கு மூலையிலும். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அப்பா முன்வரிசையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் யாருக்குப் பணம் கொடுத்தாலும் "டேப்பா, ஊக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. போட்டோவுக்கு நிற்கிற சாக்கில் என் காதோரம் குனிந்தார். குரல் உடைந்திருந்தது.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. அன்னிக்கி நான் மேடைக்கு வராம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப இல்ல?"

எனக்கு அந்த நொடியில் மாமாவைத் தவிர எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை நாள் இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் கடையில் கூட்டம் என்று போனை வைத்திருக்கிறார்.

"அய்யோ, இல்ல மாமா. அவன் என்னப் பொரட்டிட்டான். ஊக்கு இல்லன்னாலும் தோத்துருப்பேன்."

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் அப்படியே தெளிந்தது. என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"அதான்டா மாப்ள, நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்தார். பாயசம் வருவதற்குள் மண்டபம் முழுக்கச் சேதி போய்விட்டது: ஊக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம், அவன் எப்படியும் தோத்துருப்பானாம், அவனே சொல்லிட்டானாம்.